இருப்பிடத்துக்கு ஒரு தண்டோரா

"எங்கேடா இருக்கே?"

"இதோ, தெருமுனைக்கு வந்துட்டேன். அஞ்சே நிமிஷம்!"

செல்போன் வந்ததிலிருந்து இதைவிடப் பிரபலமான பொய் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. சொல்கிற ஆசாமி அப்போதுதான் பாத்ரூமில் சோப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

அதான் வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் வந்துவிட்டதே என்பீர்கள். வந்துவிட்டது. டவர் இருக்கிறவரை, டவருக்குக் கரண்ட் இருக்கிறவரை, ரீசார்ஜ் தீராதவரை எல்லாம் ஜோர். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மாடியில் நிற்கிறோம், கையில் போன் இருக்கிறது, சிக்னல் மட்டும் இல்லை. அண்ணன் முடிச்சூரில் இருக்கிறானா, அடுத்த ஊருக்குப் போய்விட்டானா என்று தெரியாமல் ராத்திரி முழுக்க முழித்திருந்த குடும்பங்கள் எத்தனையோ.

டவர் வேண்டாம், கம்பெனி வேண்டாம், மாசா மாசம் பில் வேண்டாம். "நான் இங்கே இருக்கிறேன்" என்பதை மட்டும் ஊருக்குச் சொன்னால் போதும் என்று ஒரு ஏற்பாடு உலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. பெயர் ஏ.பி.ஆர்.எஸ். செய்து வைத்தவர்கள் ஹாம் ரேடியோக்காரர்கள்.

ஹாம் என்றால் தெரியுமல்லவா? பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கி, வீட்டு மொட்டை மாடியில் ஆன்டெனா நட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் சந்தேகப் பார்வையைத் தாங்கிக்கொண்டு, முன்பின் தெரியாத ஆசாமிகளோடு வானலையில் பேசுகிற ரகம். ஒவ்வொருவருக்கும் கார் நம்பர் மாதிரி ஒரு 'கால் சைன்' உண்டு. நம்ம ஊர் ஹாம்களுடையது 'வி.யு.' என்று ஆரம்பிக்கும். இந்த உலகத்தில் இரண்டு கட்டாய விதிகள். பேசுவதற்குக் காசு வாங்கக் கூடாது. ரகசிய பாஷையில் பேசக் கூடாது. இந்த இரண்டாவது விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வம்புக்கு வரும்.

கதாநாயகர் பாப் ப்ரூனிங்கா. அமெரிக்காவில் மேரிலாண்ட் மாகாணத்து அன்னாபொலிஸ் நகரில், கடற்படை அகாடமியில் எஞ்சினியராக இருந்தவர். அவருடைய கால் சைன் டபிள்யூ.பி.4.ஏ.பி.ஆர். கடைசி மூன்று எழுத்தோடு ஒரு 'எஸ்'ஸைச் சேர்த்துப் பாருங்கள். சிலர் வீட்டுக்குப் பெயர் வைப்பார்கள், இவர் சிஸ்டத்துக்கு.

1982-ல் கடற்படையிலிருந்து ரேடியோவில் வருகிற இருப்பிடத் தகவல்களை மேப்பில் புள்ளி வைத்துக் காட்ட, ஆப்பிள்-2 கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் எழுதினார். விதை அதுதான். இரண்டு வருஷம் கழித்து முளைத்தது குதிரையில். 160 கிலோமீட்டர் குதிரை ஓட்டம். ரேஸ் கோர்ஸில் ரெண்டு நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்து, பணத்தைத் தொலைத்துவிட்டு வீட்டுக்கு வருகிற சமாசாரமில்லை இது. பொறுமையைச் சோதிக்கிற நெடுந்தூர ஓட்டம். எந்தக் குதிரை எங்கே இருக்கிறது, எது எந்த நிலையில் இருக்கிறது என்று அமைப்பாளர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். ஜிபிஎஸ் கடையில் கிடைக்காத காலம். ப்ரூனிங்கா ஒரு காமடோர் விக்-20 கம்ப்யூட்டரையும் ரேடியோவையும் வைத்துக்கொண்டு சமாளித்தார். விக்-20-யின் மெமரி மொத்தமே 5 கிலோபைட். இந்தக் கட்டுரையின் கால்வாசிகூட அதில் அடங்காது.

அப்புறம் அதை அவசர காலத் தகவல் தொடர்புக்கு என்று வளர்த்தார். அமெரிக்காவின் பேரிடர் நிர்வாகத் துறை நடத்திய ஒத்திகைகளில் பயன்பட்டது. ஐபிஎம் பிசிக்குக் குடிபெயர்ந்தது. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஜிபிஎஸ் சல்லிசாகத் தொடங்கியதும் ஜோடி சேர்ந்துவிட்டது. 'ஆட்டோமேடிக் பொசிஷன் ரிப்போர்ட்டிங் சிஸ்டம்' என்று இருந்த பெயரில் 'பொசிஷ'னை எடுத்துவிட்டு 'பாக்கெட்' என்று மாற்றினார். வெறும் எழுத்து விளையாட்டு இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காக அந்த மனுஷன் பிற்பாடு எவ்வளவு மல்லுக்கட்டினார் என்று சொல்கிறேன்.

முதலில் எப்படி வேலை செய்கிறது? (டெக்னிகல் அலர்ஜி உள்ளவர்கள் இரண்டு பாராவைத் தாண்டிக் குதிக்கலாம்.)

ஜிபிஎஸ் கருவி அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் சொல்கிறது. ஒரு குட்டி டப்பா அந்த எண்களை 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்று இரண்டே இரண்டு ஸ்வரங்களாக மாற்றுகிறது. அதைச் சாதாரண வாக்கி-டாக்கி போன்ற ரேடியோ ஒலிபரப்புகிறது. காதால் கேட்டால் கொதிக்கிற எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி ஒரு 'ப்ர்ர்ஸ்க்'. அவ்வளவுதான். வேகம் விநாடிக்கு 1200 பிட். உங்கள் மச்சினர் காலையில் அனுப்புகிற குட்மார்னிங் ரோஜாப்பூ 200 கிலோபைட் இருந்தால், இந்த வேகத்தில் வந்து சேர 22 நிமிஷம் ஆகும். ஆனால் ஒரு காரின் இருப்பிடம், வேகம், திசை, இரண்டு வார்த்தை விசாரிப்பு எல்லாவற்றுக்கும் ஒரு விநாடி தாராளம்.

விசேஷம் வேகத்தில் இல்லை. இது கடிதம் இல்லை, தண்டோரா. மற்ற டிஜிட்டல் ரேடியோ முறைகளில் 'அ' அனுப்ப வேண்டும், 'ஆ' வாங்கிக்கொண்டு "கிடைத்தது" என்று ரசீது கொடுக்க வேண்டும், வராவிட்டால் 'அ' மறுபடி அனுப்ப வேண்டும். ரிஜிஸ்டர்ட் தபாலில் அக்னாலட்ஜ்மென்ட் கார்டு ஒட்டுகிற கதை. பத்து பேருக்குச் சொல்ல வேண்டுமானால் பத்து கார்டு. ப்ரூனிங்கா அதைத் தூக்கிப் போட்டார். யாருக்கு என்று இல்லாமல் ஒரு தடவை சொல். கேட்கிறவன் கேட்கட்டும். கேட்காமல் போனால் பாதகமில்லை, இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி சொல்லத்தானே போகிறாய்! இன்னொரு கில்லாடித்தனமும் செய்தார். பாக்கெட்டில் 'பெறுநர்' என்று ஒரு கட்டம் உண்டு. பெறுநரே கிடையாது, அந்த இடம் எதற்குச் சும்மா கிடக்க வேண்டும்? சில வகை பாக்கெட்டுகளில் அட்சரேகையை அந்தக் கட்டத்துக்குள் ஒளித்து வைத்து அனுப்பினார். போஸ்ட் கார்டில் விலாசம் எழுதுகிற பக்கத்திலும் கடிதம் எழுதி மிச்சம் பிடிக்கும் நம் தாத்தாக்கள் இவரைப் பார்த்தால் கட்டிக்கொள்வார்கள்.

கையடக்க ரேடியோவின் சத்தம் ரொம்ப தூரம் போகாது. அதனால் மலை மேலோ உயரமான கட்டடத்திலோ யாராவது ஒரு புண்ணியவான் 'டிஜிபீட்டர்' வைத்திருப்பார். கேட்டதைத் திருப்பிச் சொல்வதுதான் அதன் ஒரே வேலை. எத்தனை டிஜிபீட்டர் தாண்ட வேண்டும் என்று பாக்கெட்டிலேயே எழுதி அனுப்பலாம். ஒன்றோ இரண்டோ போதும். மனித சுபாவம் விடுமா? ஏழு என்று போட்டுவிட்டு, தன் கார் கேரேஜில் நிற்கிற செய்தியை அடுத்த மாகாணம்வரை பரப்பினவர்கள் உண்டு. வட அமெரிக்கா முழுக்க ஒரே அலைவரிசை, 144.390 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பாவில் 144.800. எல்லோரும் ஒரே சந்தில் வண்டி ஓட்டுகிறார்கள். இவர் ஏழு தடவை ஹாரன் அடித்தால் மற்றவன் எங்கே போவான்? பெரிய நகரங்களில் சந்தடி தாங்காமல், 'ரெண்டுக்கு மேல் கேட்காதீர்கள் ஐயா' என்று ப்ரூனிங்கா ஒரு இயக்கமே நடத்த வேண்டியிருந்தது.

இதற்கு வேறு ஹாம்கள் கண்டுபிடித்த வைத்தியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. வண்டி நேர் ரோட்டில் போகும்போது அடிக்கடி சொல்லாதே; திரும்பினால் மட்டும் உடனே சொல். மேப்பில் கோடு வளைவுகளோடு சரியாக விழும், அலைவரிசையும் மிச்சம். நம்ம ஊரில் ஆட்டோ எந்தப் பக்கம் திரும்பும் என்பது ஓட்டுகிறவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டும் தெரியும் என்பார்கள். இதில் ஊருக்கே தெரியும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இன்டர்நெட் நுழைந்தது. ஸ்டீவ் டிம்ஸி என்ற அமெரிக்க ஹாம் முன்னின்று உருவாக்கிய ஏற்பாடு: ரேடியோவில் காதில் விழுகிற பாக்கெட்டுகளை அப்படியே இன்டர்நெட் சர்வருக்கு ஏற்றிவிடுவது. ஏற்றிவிடுகிற நிலையத்துக்குப் பெயர் 'ஐ-கேட்'. கேட் என்றால் நிஜமாகவே ஒரு வாசல்தான். ஒரு பக்கம் ஆன்டெனா, மறுபக்கம் பிராட்பேண்ட், நடுவில் பழைய கம்ப்யூட்டரோ உள்ளங்கை அகல ராஸ்பெர்ரி பையோ. சம்பளம் இல்லாத வாட்ச்மேன் மாதிரி ராத்திரி பகலாக உட்கார்ந்திருக்கும். ஃபின்லாந்துக்காரர் ஹெய்க்கி ஹன்னிகைனன் இவற்றையெல்லாம் உலக மேப்பில் காட்டுகிற ஏபிஆர்எஸ் டாட் எஃப்ஐ என்ற தளத்தை நடத்துகிறார். திறந்து பார்த்தால் பொழுது போவது தெரியாது. கலிஃபோர்னியாவில் ஒரு லாரி, ஜெர்மனியில் ஒரு சைக்கிள், ஏதோ ஒரு கிராமத்துக் கொல்லையில் மழை அளக்கிற கருவி, நடுக்கடலில் ஒரு பாய்மரப் படகு.

வாசல் இரண்டு பக்கமும் திறக்கும். இன்டர்நெட்டிலிருந்து ஒரு செய்தி, 67 எழுத்துக்குள், காட்டுப் பாதையில் நடக்கிறவரின் கையிலிருக்கும் ரேடியோவுக்குப் போகும். ஆனால் எல்லாச் செய்தியையும் வாரி வானத்தில் இறைத்தால் அந்த 1200 பிட் சந்து செத்துப்போகும். எனவே ஐ-கேட் ஒரு கணக்கு வைத்திருக்கிறது: 'இந்த ஆசாமியின் குரலை என் காதால் சமீபத்தில் கேட்டேனா? கேட்டிருந்தால் அனுப்பலாம், இல்லாவிட்டால் கிடையாது.' ஊருக்கு வந்த தந்தியை, ஆள் ஊரில் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுப் படியேறுகிற தபால்காரர் மாதிரி.

இங்கேதான் வினை. மேப்பில் தன் கார் நகர்வதைப் பார்க்கிற சுகம் இருக்கிறதே, அது ஒரு போதை. ஹாம்கள் அதில் விழுந்தார்கள். "என் புள்ளி வந்துச்சா?" என்பதோடு ஆட்டம் முடிந்தது. நான் பார்த்தவரை இதைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப் பேர் 'வண்டியைத் தேடிக் கண்டுபிடிக்கும் கருவி' என்றே எழுதுகிறார்கள். ப்ரூனிங்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இது வண்டித் தேடல் இல்லை, சுற்று வட்டாரத்தில் என்ன நடக்கிறது என்பதை அங்கே இருக்கிற எல்லோரும் அந்த நிமிஷமே பகிர்ந்துகொள்ள, இரண்டு பக்கமும் பேச வைத்த ஏற்பாடு என்று வருஷக்கணக்காக எழுதிக்கொண்டே இருந்தார். பெயரில் 'பொசிஷன்' போய் 'பாக்கெட்' வந்த ரகசியமும் அதுதான்.

கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு ஊரில் பத்து ஐ-கேட் இருக்கிறது, மலை மேல் டிஜிபீட்டர் ஒன்றுகூட இல்லை என்று வையுங்கள். சாதாரண நாளில் மேப் ஜொலிக்கும். புயலடித்து பிராட்பேண்ட் அறுந்த அன்றைக்கு? பத்து வாசலும் சாத்தியாகிவிட்டது. ரேடியோ இருக்கிறது, பாட்டரி இருக்கிறது, 'ப்ர்ர்ஸ்க்' என்று வானத்தில் போகவும் போகிறது, எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை. எந்த நாளுக்காகச் செய்தார்களோ அந்த நாளில் படுத்துவிடும். பதிலாக உயரத்தில் ஒரே ஒரு டிஜிபீட்டர், அதற்கு ஒரு கார் பாட்டரி, ஒரு சோலார் தகடு இருந்தால், இன்டர்நெட் செத்த பிறகும் அந்த வட்டாரத்து ஹாம்கள் ஒருவரையொருவர் தங்கள் கையிலிருக்கிற திரையிலேயே பார்க்கலாம். படகு எங்கே, ஆம்புலன்ஸ் எங்கே, எந்தப் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போடுகிறார்கள், எந்தப் பாலம் போயிற்று, எல்லாம். இன்டர்நெட் வாசல் வேண்டியதுதான். வீடே வாசலாக இருந்தால் எங்கே படுப்பது?

பொழுதுபோக்குதானே, இதற்கு இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் தன் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்தார். அந்தமானிலிருந்து ஒரு குரல் கேட்காதா என்று ஏங்கிய உலகத்து ஹாம்களோடு பேசுவதற்காகப் போன பயணம். 26-ஆம் தேதி காலை சுனாமி. தொலைபேசிகள் ஊமையாகிவிட, அதே பொழுதுபோக்கு ரேடியோவில் உட்கார்ந்து, யார் பத்திரம், எங்கே என்ன தேவை என்று தகவல் அனுப்பினார்கள். அது குரல் ரேடியோ, ஏ.பி.ஆர்.எஸ். இல்லை. ஆனால் அன்றைக்குக் கரையில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எங்கே இருக்காங்க?"

சரி, அந்த ரகசிய விதிக்கு வருவோம். ஹாம் ரேடியோவில் மறைத்துப் பேசக் கூடாது. அதனால் உங்கள் புள்ளியை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். லைசென்ஸ்கூட வேண்டாம், பிரவுசர் போதும். நேற்று எந்த வழியாக ஆஃபீஸ் போனீர்கள், எங்கே பதினைந்து நிமிஷம் நின்றீர்கள் எல்லாம் வரும். (டீக்கடை என்று சொல்லித் தப்பிக்கலாம், 0.01 நிமிஷக் கணக்கில் ஏறக்குறைய 18 மீட்டர் துல்லியம்தான். பக்கத்துக் கட்டடமாகவும் இருக்கலாமே!) குடும்பத்தோடு ஊருக்குப் போகிற கார் 'நான் 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறேன்' என்று கூவிக்கொண்டு போனால், வீடு காலி என்று திருடனுக்கு ஓலை எழுதின மாதிரி. போதாக்குறைக்கு, கால் சைன் தெரிந்தால் பல நாடுகளில் வீட்டு விலாசமும் அரசாங்கப் பட்டியலிலேயே கிடைக்கும். இன்டர்நெட் சர்வருக்குள் நுழைய ஒரு பாஸ்கோடு உண்டு. அது கால் சைனிலிருந்தே ஒரு சின்னக் கணக்குப் போட்டு வருகிற எண், கணக்கு எல்லோருக்கும் தெரியும். பூட்டுப் போட்டு, சாவியை அதே ஆணியில் மாட்டின கதை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தண்டோராவுக்குக் கதவு எதற்கு?

செல்போனும் இருபத்துநாலு மணி நேரமும் உங்கள் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. யாரிடம் சொல்கிறது என்பதுதான் உங்களுக்குத் தெரியாது. இதில் எல்லோரிடமும் சொல்கிறது, சொல்கிற சுவிட்ச் உங்கள் கையில். எனக்கென்னவோ இரண்டாவது கொஞ்சம் மரியாதையாகப் படுகிறது.

மேப்பில் தெரிகிற எல்லாவற்றையும் எல்லோரும் பார்க்கிறார்களா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவில் வடக்கு இலினாயைச் சேர்ந்த பொழுதுபோக்கு பலூன் கிளப் ஒன்று 2022 அக்டோபரில் ஒரு குட்டி வெள்ளிப் பலூனைப் பறக்கவிட்டது. பெயர் கே9ஒய்ஓ. அடியில் சில கிராம் எடையில் ஜிபிஎஸ், சோலார் தகடு, ரேடியோ. இது பயன்படுத்தியது ஏ.பி.ஆர்.எஸ்ஸின் தூரத்துச் சொந்தமான இன்னொரு முறை. மெல்லிய சிற்றலை முணுமுணுப்பு, உலகெங்கும் உள்ள ஹாம்கள் கேட்டு இன்டர்நெட்டில் ஏற்றிவிடுவார்கள். வாசல் தத்துவம் அதேதான். பலூன் நான்கு மாதம் ஜாலியாகப் பறந்து, ஏழாவது தடவையாக உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. 2023 பிப்ரவரி 10 அன்று அலாஸ்கா மேற்குக் கரையோரம் கடைசியாகக் குரல் கொடுத்தது. காற்றின் கணக்குப்படி மறுநாள் கனடாவின் யூகான் பிரதேசத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

மறுநாள் அதே யூகான் வானத்தில் 'அடையாளம் தெரியாத ஒரு பொருளை' அமெரிக்காவின் எஃப்-22 போர் விமானம் ஏவுகணை விட்டு வீழ்த்தியது. ஒரு வாரம் முன்புதான் சீன பலூன் ஒன்றைச் சுட்டிருந்தார்கள், எல்லோரும் வானத்தைப் பார்த்துப் பதறிக்கொண்டிருந்த நேரம். வீழ்த்தியது கே9ஒய்ஓ-தானா என்று அரசாங்கம் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. கிளப் 'காணவில்லை' என்று எழுதிவைத்தது. ஏவுகணை விலை 4 லட்சம் டாலருக்கு மேல். இந்த ரகப் பலூன் 12 டாலரிலிருந்து கிடைக்கும். தன் பெயரையும் இடத்தையும் உலகத்துக்கே சொல்லிக்கொண்டு போன ஒரு ஜீவன் 'அடையாளம் தெரியாத பொருள்' ஆகியிருந்தால், தண்டோராக்காரன் மேல் என்ன தப்பு?

ப்ரூனிங்காவுக்குப் பூமி போதவில்லை. அகாடமி மாணவர்களை வைத்துக்கொண்டு பிசிசாட் என்று ஒரு சின்ன செயற்கைக்கோள் செய்தார். 2001 செப்டம்பர் 30 அன்று அலாஸ்காவின் கோடியாக் தீவிலிருந்து மேலே போயிற்று. வேலை அதேதான், கேட்டதைத் திருப்பிச் சொல்வது. டிஜிபீட்டரை வைக்க இதைவிட உயரமான மலை ஏது? பின்னாளில் பாட்டரி நொந்துபோய், நிழலில் மயங்கி விழுந்து, நல்ல வெயில் கிடைக்கிற நாட்களில் மறுபடி எழுந்து உட்காரும், நம் ஆஃபீஸ் சூப்பரின்டெண்டென்ட் மாதிரி. சர்வதேச விண்வெளி நிலையத்திலும் இதே மாதிரி ஒரு ரிலே, 145.825 மெகாஹெர்ட்ஸில், ஹாம்களுக்காக இயங்கியிருக்கிறது. 400 கிலோமீட்டர் உயரத்தில் அது தலைக்கு மேலே தாண்டுகிற சில நிமிஷத்துக்குள், மாடியில் கை ரேடியோவோடு நிற்கிற ஒருவரின் 'ப்ர்ர்ஸ்க்' மேலே போய்த் திரும்பி வரும். கீழே எங்கோ ஒரு ஐ-கேட் அதைக் கேட்டு மேப்பில் ஏற்றும். சுற்றி வளைத்து மூக்கைத் தொடுவதுதான். ஆனால் தொட்ட மூக்கு கொடுக்கிற சந்தோஷம் ஹாம்களுக்குத்தான் தெரியும். ப்ரூனிங்கா 2022 பிப்ரவரியில் காலமானார்.

நம் நாட்டில் ஏ.பி.ஆர்.எஸ். நிலையங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கின்றன. ஆசை இருந்தால் முதல் படி பரீட்சை. மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்துகிறது. கொஞ்சம் எலெக்ட்ரானிக்ஸ், கொஞ்சம் சட்ட திட்டம். 12 வயது ஆனால் போதும். போனிலேயே ஒரு ஆப்பைப் போட்டு, கால் சைனைக் கொடுத்து, இன்டர்நெட் வழியாகவே மேப்பில் புள்ளி வைத்துக்கொள்ளவும் முடியும். ரேடியோவே இல்லாத ஹாம் ரேடியோ! பழம் ஹாம்கள் முகம் சுளிப்பார்கள். வாங்குகிறதென்றால் ரேடியோவே வாங்குங்கள். நான்கு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, ஐ-கேட்டுக்கு முன்னால் உயரமான மொட்டை மாடியாகப் பார்த்து டிஜிபீட்டருக்கு இடம் பிடியுங்கள்.

பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று லீவு லெட்டர் கொடுத்துவிட்டு மாமல்லபுரம் போகிறவர்கள் மட்டும், கிளம்புமுன் டிராக்கரை அணைத்துவிடவும். மேனேஜரும் ஹாமாக இருக்கலாம்.